முதுமையைப் பாடமாக நடத்தப்போகும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் உள்ள தன்னாட்சிக் கலைக் கல்லூரியில் சமூகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அடுத்த கல்வியாண்டில் முதுமையியலை விருப்பப்பாடமாகத் தொடங்கப் பாடத்திட்டக் குழு முடிவு செய்திருக்கிறது. எங்கள் துறையில் யாரும் இதை முறையாகப் படித்தவர்கள் இல்லை. பாடம் நடத்தவும் ஓரளவு ஆய்வு செய்யவும் எங்களை எப்படித் தயார்ப்படுத்திக்கொள்வது? ஐந்து நாள் பயிற்சி முகாம் ஒன்று போதுமா?

பதில்:

போதாது. முகாமுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே கிடைக்கும் குறிப்புகளும் அறிமுகங்களும் பின்னால் உதவும். ஆனால் ஐந்து நாள் கேட்டுவிட்டு ஜூன் மாதம் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரால், கேட்டதைத் திரும்பச் சொல்லத்தான் முடியும். மாணவி ஒருத்தி எழுந்து, "என் பாட்டி அப்படி இல்லையே ஐயா" என்று சொன்னால் அவர் திகைத்து நிற்பார். அந்தக் கேள்வியை வரவேற்று, அதிலிருந்தே பாடத்தைத் தொடரும் தெம்பு வருவதற்கு ஓராண்டாவது பிடிக்கும். முடிந்தால் பாடத்தை ஓராண்டு தள்ளி வைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் ஐந்து அலகுகளில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டை ஆழமாக அமைத்து, மற்றவற்றை முதல் ஆண்டில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சமூகப்பணித் துறையில் இருபத்தேழு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். முதியோர் பற்றிய பாடத்தாளை முதன்முதலில் என்னிடம் கொடுத்தபோது நானும் உங்கள் நிலையில்தான் இருந்தேன். அக்டோபர் 1 உலக முதியோர் தினம் என்பதால் அன்றைக்கு மாணவர்களை ஊருக்கு வெளியே இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆளுக்கொரு வினாத்தாள், கையில் பழமும் பிஸ்கட் பொட்டலமும். திரும்பி வந்து நாற்பது பேர் எழுதிக் கொடுத்ததும் ஒரே அறிக்கைதான்: பிள்ளைகள் கைவிட்டார்கள், தனிமையில் வாடுகிறார்கள், பாவம். மறு ஆண்டும் அதே இல்லத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "போன வருடம் வந்த பிள்ளைகளும் இதையேதான் கேட்டார்கள். நாங்கள் சொன்னதை வைத்து என்ன எழுதினார்கள் என்று யாரும் வந்து சொல்லவில்லையே" என்றார். அவருக்குப் படித்துக் காட்டத்தக்க ஒரு பக்கம்கூட என் மேசையில் இல்லை. அந்தத் தாளை நான் உண்மையாகப் படிக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

அதனால் உங்கள் ஆசிரியர் குழு முதலில் கவனிக்க வேண்டியது அந்தப் "பாவம்" என்ற சொல்லைத்தான். வயதை வைத்து மனிதரைத் தரம் தாழ்த்தும் பார்வைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் ஒரு பெயர் கொடுத்தார். நாம் அதை வயதுப் பாகுபாடு என்கிறோம். இழிவாகப் பேசுவது மட்டுமல்ல, அளவுக்கு மீறி இரக்கப்படுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் முக்கியமானது. ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவு அது. தம் முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தவர்கள், அது குறைவாக இருந்தவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். நல்லெண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் முதுமையைப் பற்றி நாம் வகுப்பில் என்ன தொனியில் பேசுகிறோம் என்பது சின்ன விஷயமல்ல என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆசிரியர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை ஒன்று உண்டு. உங்களுக்கு 75 வயதாகும்போது ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். எந்த வீட்டில், எந்த அறையில் இருப்பீர்கள்? சமைப்பது யார்? ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது? மாத்திரையை எடுத்துத் தருவது யார்? முப்பத்தைந்து வயது ஆசிரியர்கள் இதை எழுத மிகவும் தடுமாறுவார்கள். பெண் ஆசிரியர்கள் பலருடைய தாளில் கணவர் இருக்க மாட்டார், அல்லது அவர்கள் கணவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள். அது வெறும் கற்பனை அல்ல. நம் நாட்டில் 60 வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், தம்மைவிட மூத்தவரை மணக்கிறார்கள், மறுமணம் அவர்களுக்கு எளிதாக இல்லை. எழுதிய இரண்டு பக்கத்திலிருந்தே இந்தப் பாடம் தொடங்கிவிடும். கண்ணாடியில் எண்ணெய் தடவிப் போட்டுக்கொண்டு முதியவரைப்போல் நடந்து பார்க்கும் பயிற்சி இப்போது முகாம்களில் பரவியிருக்கிறது. அதன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அரை மணி நேரம் தடுமாறிய மாணவர், முதுமை என்றாலே தடுமாற்றம் என்ற எண்ணத்தோடு வெளியே போகிறார்.

இனி ஆய்வுக்கு வருகிறேன். முதுமை ஆய்வில் ஆசிரியர் ஒன்றே ஒன்றைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: வயதால் வரும் மாற்றம் வேறு, பிறந்த காலத்தால் வரும் வேற்றுமை வேறு.

1956-இல் சியாட்டில் நகரத்தில் வார்னர் ஷை என்ற உளவியலாளர் பல வயதினரின் அறிவுத்திறனை அளந்தார். ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டபோது, நடுவயதிலேயே திறன் இறங்கத் தொடங்கிவிடுவதாகத் தெரிந்தது. ஆனால் ஏழாண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தபோது படம் மாறிவிட்டது. பெரும்பாலான திறன்கள் அறுபது வயதுவரை அவ்வளவாகக் குறையவில்லை. முதலில் இறக்கமாகத் தெரிந்ததில் பெரும்பங்கு, மூத்தவர்கள் தம் சிறுவயதில் குறைவாகப் பள்ளி சென்றதன் விளைவு.

இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். அதே 1956-இல்தான் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் கிராமம் கிராமமாகப் பள்ளிகளும் பெருகின. 1938-இல் பிறந்த பெண்ணுக்கு அப்போது 18 வயது. அவருக்குப் பள்ளி வாசல் மூடிப்போயிருந்தது. 1952-இல் பிறந்த பெண்ணுக்கு நான்கு வயது. அடுத்த ஆண்டு அவர் பள்ளிக்கூடத்துச் சோற்று வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். 2018-இல் ஒருவருக்கு 80, மற்றவருக்கு 66. இருவருக்கும் ஒரே நினைவாற்றல் சோதனையைக் கொடுத்துவிட்டு, "வயது கூடக்கூட நினைவாற்றல் குறைகிறது" என்று முடிவு எழுதும் ஆய்வேடுகளை நான் ஆண்டுதோறும் படித்திருக்கிறேன். அந்த ஆய்வேடு அளந்ததில் ஒரு பகுதி மூளையை அல்ல, பள்ளிக்கூடத்தை. இந்த ஒரு எடுத்துக்காட்டை உங்கள் ஆசிரியர்கள் கரும்பலகையில் வரைந்து விளக்கத் தெரிந்துகொண்டால், பாதிப் பிழைகள் வருவதற்கு முன்பே நின்றுவிடும்.

எழுத்தறிவுச் சிக்கலைத் தீர்க்க உலக அளவில் நடந்த முயற்சியில் வேலூருக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு என்பதை மாணவர்களிடம் பெருமையோடு சொல்லலாம். மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்வதாக அன்று கணக்கிட்டிருந்தார்கள். மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்விலோ பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. இந்த அநீதியையே பெயராக வைத்து 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற குழுவைத் தொடங்கினார்கள். படிக்காதவர்களை மறதிநோயாளர்கள் என்று தவறாகக் கணக்கிடாத சோதனை முறையை உருவாக்குவது அவர்கள் வேலைகளில் ஒன்று. முதியவரைச் சோதிப்பதோடு நிற்காமல், அவரை அருகிலிருந்து அறிந்தவரிடமும் கேட்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். பல நாடுகளில் சோதித்துப் பார்த்த முடிவு 2003-இல் வெளிவந்தது.

அருகிலிருப்பவரிடம் கேட்பதிலும் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. "வயசானால் மறதி வரத்தானே செய்யும்" என்று மருமகள் சொல்லிவிடுவார். மூன்று வேளையும் தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுக்கும் வீட்டில், பாட்டியால் தனியாக எதைச் செய்ய முடியவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போகும். "கடைக்குத் தனியாகப் போய்ச் சாமான் வாங்குவாரா?" என்று கேட்டால், "நாங்கள் போக விடுவதில்லை" என்பார்கள். அந்தப் பதிலை வினாத்தாளின் எந்தக் கட்டத்தில் போடுவது? இதைப் பற்றி ஆசிரியர்கள் ஒரு முழுப் பிற்பகல் உட்கார்ந்து வாதாடலாம். நான் கலந்துகொண்ட பயிற்சிகளிலேயே பயனுள்ள பிற்பகல்கள் அப்படிப்பட்டவைதான்.

வயதைக் கேட்பதே ஒரு கலை. மூத்தவர்கள் பலர் தம் வயதை அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று ஐந்தின் மடங்கில்தான் சொல்வார்கள். ஆதார் அட்டையிலும் ஜனவரி 1 என்று பிறந்த நாள் இருப்பதைப் பார்ப்பீர்கள். அதனால் ஊர் நிகழ்ச்சிகளை வைத்து ஒரு காலப் பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு. இவற்றோடு உங்கள் வட்டாரத்து அணை, பஞ்சம், கோயில் குடமுழுக்கு, ஊருக்கு மின்சாரம் வந்த ஆண்டு ஆகியவற்றையும் சேருங்கள். "புயல் அடித்தபோது மூத்தவன் இடுப்பில் இருந்தான்" என்று ஒரு பாட்டி சொன்னால், அவர் 1940-களின் நடுவில் பிறந்தவராக இருக்கலாம் என்று கணக்கிட வழி கிடைக்கிறது. இந்தப் பட்டியலை ஆசிரியர்களே கிராமத்தில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். இணையத்திலிருந்து எடுத்துப் பயனில்லை. பட்டியல் போடப் போன இடத்தில் கிடைக்கும் கதைகளிலிருந்தே ஆய்வுக் கேள்விகள் பிறக்கும்.

புதிதாகத் தரவு திரட்டுவதற்கு முன், இருக்கும் தரவைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களையும் அவர்களின் துணைவர்களையுமாக 72,000-க்கும் அதிகமானோரைச் சந்தித்துத் திரட்டிய லாசி என்ற நீண்டகால ஆய்வு இருக்கிறது. மும்பையில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், ஹார்வர்டு மற்றும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து நடத்துவது. முதல் சுற்றுக் களப்பணி 2017-18-இல் நடந்தது, அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. வருமானம், குடும்பம், ஓய்வூதியம் ஆகியவற்றோடு கைப்பிடி வலிமை, இரத்த அழுத்தம் வரை அளந்திருக்கிறார்கள். விண்ணப்பித்தால் ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றித் தரவு கிடைக்கிறது. உங்கள் புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொண்டு, தமிழ்நாட்டுப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். இருநூறு பேரிடம் அவசரமாக வினாத்தாள் நிரப்புவதைவிட இது பத்து மடங்கு மேல்.

களத்துக்குப் போகும்போது முதியோர் இல்லங்களை மட்டும் தேடிப் போகாதீர்கள். அனுமதி எளிது, ஐம்பது பேர் ஒரே கூரையின் கீழ் கிடைப்பார்கள் என்பதால் நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் தமிழ்நாட்டு முதியவர்களில் இல்லங்களில் வாழ்பவர்கள் மிகச் சிறு பகுதியினர். மற்றவர்கள் வீட்டுத் திண்ணையிலும், நூறு நாள் வேலைத் தளத்திலும், ரேஷன் கடை வரிசையிலும், பூக்கடையிலும், பேரப்பிள்ளையின் பள்ளி வாசலிலும் இருக்கிறார்கள். எளிதில் கிடைப்பவர்களை மட்டும் ஆய்வு செய்யும் பழக்கம் பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. 1958-இல் தொடங்கிய பால்டிமோர் முதுமை ஆய்வில் முதல் இருபது ஆண்டுகள் ஆண்களை மட்டுமே சேர்த்திருந்தார்கள். பெண்கள் 1978-இல்தான் உள்ளே வந்தார்கள். மனித முதுமையைப் பற்றி அதுவரை அவர்கள் எழுதியது பாதி மனிதரைப் பற்றியதுதான்.

உடல் பற்றிய அடிப்படை தெரியாமல் சமூகவியல் ஆசிரியர் முதுமையைப் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எது முதுமையின் இயல்பு, எது நோய் என்ற கோடு தெரிய வேண்டும். காது மந்தமானவருக்கு முதலில் போவது உச்ச சுருதி ஒலிகள் என்பதால், கத்திப் பேசுவதைவிட எதிரில் உட்கார்ந்து தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பேசுவது பயன்தரும். இப்படிப்பட்ட சிறு அறிவுகூட ஒரு நேர்காணலைக் காப்பாற்றும். இதைக் கற்க நமக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இலேயே முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவு தொடங்கப்பட்டது. 1996-இல் முதியோர் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பும் அங்கே வந்தது. அதற்கு முன்னோடியாக நின்ற மருத்துவர் வ.செ. நடராஜனுக்கு 2012-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. சென்னை தொலைவு என்றால் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் முதியோர் பிரிவு எந்த நாள்களில் நடக்கிறது என்று விசாரியுங்கள். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு போய், மருத்துவர் அனுமதித்தால் நான்கைந்து முற்பகல்கள் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு முதியவர் எத்தனை மருத்துவர்களிடம் எத்தனை விதமான மாத்திரைகள் வாங்கி ஒரே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருகிறார் என்பதை நேரில் பார்த்த ஆசிரியர், அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் நன்றாக நடத்துவார்.

அதேபோல் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு முற்பகல். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. இன்று அதற்கான மனுக்களைக் கவனிப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மனு எந்தக் காரணங்களால் நிராகரிக்கப்படுகிறது, நிறுத்தப்பட்ட தொகையை மீட்க ஒரு பாட்டி எத்தனை முறை பஸ் ஏறி வருகிறார் என்பவை அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் பேசினால்தான் தெரியும். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் பராமரிப்பு வழக்குகளை விசாரிப்பது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். கவனிப்பதாக வாக்களித்துச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கவும் அதில் வழியுண்டு. கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டதால் தவிப்பவர்கள் ஏராளம். உங்கள் மாணவர்களின் வீடுகளிலேயே இந்தச் செய்தி தேவைப்படும்.

அமெரிக்காவில் இதே கேள்வியை எதிர்கொண்டவர்கள் செய்தது ஒன்று நமக்கு உதவும். அங்கே 1990-களின் இறுதியில், சமூகப்பணிக் கல்லூரிகளில் முதுமை தெரிந்த ஆசிரியர்கள் மிகக் குறைவு என்ற கவலை எழுந்தது. ஒரு பெரிய மளிகைக் கடைக் குழுமத்தின் உரிமையாளர்கள் விட்டுச்சென்ற செல்வத்தில் இயங்கும் ஜான் ஹார்ட்ஃபோர்டு அறக்கட்டளை அதற்குப் பணம் கொடுத்தது. அவர்கள் இளம் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, ஆய்வுக்கு நிதியும், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து அனுபவமுள்ள ஒரு வழிகாட்டியும் கிடைக்கச் செய்தார்கள். இன்னொரு பக்கம், தனித்தாளோடு நிறுத்தாமல் ஏற்கெனவே நடக்கும் பாடங்களுக்குள் முதுமையைக் கலந்தார்கள். குடும்பம் பற்றிய பாடத்தில் மூன்று தலைமுறை வீடு, பொருளியலில் ஓய்வூதியம், ஊரகச் சமூகவியலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட கிராமம் என நாமும் செய்யலாம். விருப்பப்பாடத்தை முப்பது பேர்தான் எடுப்பார்கள். கலந்து வைத்தால் கல்லூரி முழுவதற்கும் போய்ச் சேரும். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு வழிகாட்டியைப் பிடிக்கவும், வாரத்துக்கு இரண்டு வகுப்பைக் குறைத்துத் தரும்படி முதல்வரிடம் கேட்கவும் பணம் தேவையில்லை. அந்த இரண்டு வகுப்பைக் கண்டிப்பாகக் கேளுங்கள். மாலையில் களைத்துப்போன பிறகு செய்யும் ஆய்வு மார்ச் மாதத்துக்குமேல் உயிரோடு இருப்பதில்லை.

அறநெறி பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் நடக்கும் கொடுமையைப் பற்றி மகனும் மருமகளும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். நாம் கிளம்பிய பிறகு அந்த முதியவர் அதே வீட்டில்தான் இரவு படுக்க வேண்டும். தனியாகக் கேட்க வாய்ப்பு அமையாவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள், தாள் முழுமையாக இல்லை என்று யாரும் கோபிக்கப்போவதில்லை. ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்து வையுங்கள். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கட்டும். மறதிநோய் உள்ளவரிடம் ஒப்புதல் பெறுவது தனிச் சிக்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஆசிரியர்கள் சேர்ந்து படித்துவிட்டு இறங்குங்கள்.

உங்கள் தயாரிப்பு ஆண்டை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம், காலப் பட்டியல். பிறகு டிசம்பர் வரை லாசி தரவோடு ஒரு சிறு ஆய்வு. ஜனவரியில் ஒரே ஒரு கிராமத்தைத் தேர்ந்து, ஆசிரியர் ஒவ்வொருவரும் மூன்று முதியவர்களை மாதம் இருமுறை சந்தியுங்கள். கிராமத்தை ஆண்டுக்காண்டு மாற்றாதீர்கள். ஏப்ரலில் நீங்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லவில்லையே தம்பி" என்று அவர்கள் மறுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதம் பாடத்திட்டம் எழுத உட்காரும்போது அந்தத் தாள்கள் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.